மாடல் ரயிலுக்குக் கைத்தண்டவாளம்

ஓஓ அளவு மாடல் ரயிலுக்குத் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; ‘என்’ (N) அளவுக்கு 9 மி.மீ. நேர்ப்பாதை மட்டும் போதுமென்றால் கடைச்சரக்கே மேல். வளைவு நம் இஷ்டப்படி வர வேண்டுமா? கையால் செய்யுங்கள்.

செம்புப் பூச்சுள்ள பிசிபி பலகையைக் கீற்றாக வெட்டினால் ஸ்லீப்பர் (குறுக்குக்கட்டை) தயார். அதன்மேல் நிக்கல் சில்வர் தண்டவாளத்தை சால்டரிங் செய்துவிடலாம். முதலில் ஒரு பக்கத்தை முழுதும் பற்றவையுங்கள். மறுபக்கத்தை கேஜ் வைத்துப் பொருத்துங்கள். ஒவ்வொரு ஸ்லீப்பரின் நடுவிலும் செம்பை அரத்தால் கீறி அறுத்துவிட வேண்டும், இல்லையேல் ஷார்ட் சர்க்யூட்தான். நாலைந்து ஸ்லீப்பருக்கு ஒருமுறை மல்டிமீட்டரில் சோதியுங்கள். பாதை முழுதும் முடிந்தபின் ஒற்றைப் பழுதைத் தேடுவது பெரும் தலைவலி. சால்டரிங்குக்குப் பூசிய ஃப்ளக்ஸின் மிச்சத்தைக் கழுவாவிட்டால் பச்சைக் களிம்பு ஏறும்.

பழைய எஞ்சின் வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் சக்கர விளிம்பைப் பாருங்கள். விளிம்பு ஆழமாக இருந்தால், 1.9 மி.மீ. உயரமே உள்ள ‘கோட் 75’ தண்டவாளத்தில் ஈயத் திட்டுகள்மேல் ஏறித் துள்ளும். 12 வோல்ட் டிசியில் மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகமாக எதுவும் ஓடும்!

குறுகிய பாதை எஞ்சின் கிடைக்கவில்லையா? ‘என்’ அளவு எஞ்சினின் அடிப்பாகத்தை வாங்கி, ஓஓ அளவில் மேற்கூடு செய்து மாட்டுங்கள். வேல்ஸ் நாட்டு டலிலின் ரயில்பாதையின் அகலம் 686 மி.மீ.; ஓஓ அளவின்படி 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 9 மி.மீ. வரும்.