நிற்கும் புல்லே களஞ்சியம்

1886ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மான்டானா, டகோட்டா பகுதிகளில் மழை பொய்த்தது. அளவுக்கு மீறிய மாடுகள் மேய்ந்ததால் சமவெளியில் புல் குட்டையாகிவிட்டது. நவம்பரிலேயே வெண்பனி கொட்டத் தொடங்கியது. ஜனவரியில் சற்று உருகிய பனி, மீண்டும் வந்த கடுங்குளிரில் இறுகிப் பனிக்கட்டித் தகடாகப் புல்லை மூடிக்கொண்டது. குதிரை குளம்பால் பனியைத் தோண்டிப் புல்லை எடுக்கும். மாடு மூக்கால்தான் பனியைத் தள்ளும். கட்டியாக இறுகிய பனியை அதனால் உடைக்க முடியாது. மாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் டகோட்டாவில் தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார்.

இந்த அழிவுக்குப் பின் அங்குள்ள பண்ணையாளர்கள் குளிர்காலத்துக்கு உலர்புல் சேமிக்கத் தலைப்பட்டனர். உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. வைக்கோல் என்பது நெல்மணி நீக்கிய தாள். உலர்புல் என்பது பச்சையாக இருக்கும்போதே அறுத்து வெயிலில் காயவைத்த புல். அதில் சத்து அதிகம், செலவும் அதிகம். அறுக்க, கட்ட, கொட்டிலில் அடுக்க, பின் தினமும் மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட என ஒவ்வொன்றுக்கும் எந்திரமும் எரிபொருளும் வேண்டும். பத்து மாடு வைத்திருக்கும் சிறு பண்ணையாளருக்கு இது பெருஞ்சுமை அல்லவா? மாடே நடந்துபோய்ப் புல்லைத் தின்றால் என்ன?

வயிற்றுக்குள் ஓர் அடுப்பு

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. அவற்றுள் பெரியது ரூமன் எனப்படும் முதல் அறை. இங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லின் நாரிலுள்ள செல்லுலோஸை மாட்டால் நேரடியாகச் செரிக்க முடியாது. நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்து, மாட்டுக்குப் பயன்படும் அமிலங்களாக மாற்றுகின்றன. அப்போது வெப்பமும் வெளிப்படுகிறது. ரூமனின் வெப்பநிலை சுமார் 39 டிகிரி செல்சியஸ். ஆகவே வயிறு நிறைந்த மாடு, உள்ளே அடுப்பு எரியும் வீட்டைப் போன்றது.

அடர்ந்த குளிர்கால ரோமம் உலர்ந்திருந்தால், சுழியத்தையொட்டிய குளிரையும் மாடு எளிதில் தாங்கும். ரோமம் நனைந்துவிட்டாலோ, ஏறத்தாழ 15 டிகிரியிலேயே உடலைச் சூடாக வைத்திருக்கக் கூடுதல் தீனி தேவைப்படத் தொடங்கும். எனவே மாட்டுக்குக் கொட்டிலைவிட முக்கியம் காற்றுத் தடுப்பும் நிறைந்த வயிறுமே.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. தீனியில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். நார் செரிக்காது, அடுப்பு மங்கும். வயிறு நிறைந்தும் மாடு மெலியும். முற்றிக் காய்ந்த புல்லின் குறை இதுதான்.

இலையுதிர்காலச் சேமிப்பு

மான்டானாவைவிடக் குளிர் குறைந்த மிசௌரி மாநிலத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே டால் ஃபெஸ்கியூ என்னும் புல் ஏராளம். 1931இல் கென்டக்கி மாநிலத்தின் மலைச்சரிவு ஒன்றில் கண்டறியப்பட்ட இதன் வகை, 1943இல் உழவர்களுக்கு வெளியிடப்பட்டது. இது வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் செழிக்கும் புல். ஆகஸ்ட் நடுவில் மேய்ச்சலை நிறுத்தி, நைட்ரஜன் உரமிட்டு விட்டுவிடுகிறார்கள். இரவுகள் குளிரும்போது புல்லின் வளர்ச்சி மெதுவாகும். ஒளிச்சேர்க்கை மட்டும் தொடரும். அதனால் இலையில் சர்க்கரை சேர்கிறது. இலைமேலுள்ள மெழுகுப் பூச்சு அதை உறைபனியிலும் எளிதில் அழுகவிடாமல் காக்கிறது. டிசம்பரிலும் இப்புல்லில் 10 சதவீதத்துக்குக் குறையாத புரதம் இருப்பதுண்டு. கறவையில்லாத சினைமாட்டுக்கு இது போதும்.

ஆனால் இப்புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. அதன் நச்சு மாட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். குளிர்காலத்தில் குளம்புக்கும் வால் நுனிக்கும் இரத்தம் குறைந்து அவை அழுகவும் கூடும். குளிர்காலம் செல்லச் செல்ல நச்சின் அளவு குறைகிறது. ஆகவே முதலில் வேறு புல்லை மேயவிட்டு, ஃபெஸ்கியூவைப் பிந்திய மாதங்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கு

பத்து மாடுகள், 100 நாட்கள். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ உலர் எடைப் புல் எனக் கொண்டால் மொத்தத் தேவை 12,000 கிலோ. ஒரு ஹெக்டேரில் 3,000 கிலோ புல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முழு வயலையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மாடுகள் மிதித்தும் சாணமிட்டும் பாழாக்கிவிடும். 40 சதவீதமே வயிற்றுக்குப் போகிறது என்றால் 10 ஹெக்டேர் வேண்டும்.

இப்போது மின்கம்பி வேலியால் தினமும் ஒரு கீற்றை மட்டும் திறப்போம். 70 சதவீதம் பயன்பட்டால் 5.7 ஹெக்டேர் போதும். ஒரு நாள் கீற்றின் பரப்பு சுமார் 570 சதுர மீட்டர். தண்ணீர்த் தொட்டியுள்ள பக்கத்திலிருந்து தொடங்கினால் பின்னால் வேலி தேவையில்லை. குளிரில் புல் துளிர்ப்பதில்லையே! ஒரே ஒரு கம்பியை நகர்த்தினால் ஏறக்குறைய பாதி நிலம் மிச்சமாகிறது.

அப்படியானால் உலர்புல்லே வேண்டாமா? வேண்டும்! 1887ஆம் ஆண்டின் பாடம் அதுதான். பனிக்கட்டி மூடிய நாளில் எவ்வளவு நல்ல புல்லும் மாட்டுக்கு எட்டாது. இருபது நாளுக்குரிய 2,400 கிலோவையேனும் கொட்டிலில் வைத்திருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. அன்று மடிந்த மாடுகளுக்கு வயலிலும் போதிய புல் இல்லை. கொட்டிலிலும் கையிருப்பு இல்லை. நிற்கும் புல் அன்றாட உணவு. உலர்புல் ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. குறைவாக வைக்கலாம், இல்லாமல் இருக்கக் கூடாது.

நீங்களே கணக்கிடுங்கள்: 15 மாடுகள், 80 நாட்கள்; கீற்று மேய்ச்சல். மேலே கண்ட அளவுகளின்படி எத்தனை ஹெக்டேர் தேவை? (விடை: சுமார் 6.9)