620006-க்கு என்ன விசேஷம்?

அன்புள்ள ஸ்ரீரங்கம் வாசகருக்கு,

ராமானுஜனுக்கு 1729 வாய்த்ததுபோல உங்கள் ஊர் பின்கோடு 620006-க்கும் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஆனால், பெரும்பாலான எண்கள் ஏன் இப்படிச் சாதாரணமாக இருக்கின்றன என்பதற்கே ராமானுஜன் ஒரு தேற்றம் தந்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எண்ணைப் பிரித்துவிடுவோம். பாதியாக்கினால் 310003. இதை 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பாருங்கள். 149 வரை 34 பகா எண்களும் மீதி வைக்கும். 151 மீதியின்றி வகுக்கும், ஈவு 2053. இதை மேலும் பிரிக்க முடியுமா? 151-க்குக் குறைந்த பகாக் காரணி இதற்கு இருந்தால் அது 310003-ஐயும் வகுத்திருக்கும், முன்பே சிக்கியிருக்கும். காரணிகள் எல்லாம் 151-க்குக் குறையாதவை என்றால் பெருக்கற்பலன் 22801-க்குக் குறையாது. ஆக, 2053 பகா எண்தான். 620006 = 2 × 151 × 2053. மூன்றே பகாக் காரணிகள்.

அக்கம்பக்கத்தையும் பார்க்கலாம். திருச்சி தலைமை அஞ்சலகத்தின் 620001-இல் இருப்பவை 3, 22963 என்ற இரண்டு. 3 மட்டும் மும்முறை வரும். செயின்ட் ஜோசப் கல்லூரியின் 620002 = 2 × 41 × 7561. திருவானைக்காவின் 620005 = 5 × 124001. என்.ஐ.டி.யின் 620015 = 5 × 11 × 11273. எங்கே தொட்டாலும் இரண்டு, மூன்றுதான்.

இது தற்செயல் அல்ல. ஓர் எண்ணை 2 வகுக்க வாய்ப்பு 1/2. 3 வகுக்க 1/3. 5 வகுக்க 1/5. இப்படிப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால், சராசரியாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்பது கிடைக்கும். அந்தத் தொகை வளரும், ஆனால் மிக மெதுவாக. 1917-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் ராமானுஜனும் நிறுவியது இதுதான்: ஏறத்தாழ எல்லா எண்களிலும், வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணுக்கு இயல் மடக்கையை இருமுறை எடுத்தால் வருவதை ஒட்டியே இருக்கும். 620006-க்கு முதல் மடக்கை 13.34, அதன் மடக்கை 2.59. நூறு இலக்க எண்ணுக்குக்கூட 5.4-ஐத் தாண்டி அதிகம் போவதில்லை. ஹங்கேரியரான பால் துரான் 1934-இல் இதற்கு மிக எளிய நிரூபணம் கொடுத்தார்.

விசேஷமான எண்தான் வேண்டும் என்றால், அதே ஆறு இலக்கத்தில் 720720 இருக்கிறது. 2, 3, 5, 7, 11, 13 என ஆறு பகா எண்களும் அதில் உண்டு, வகுத்திகள் 240. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் கிடையாது. 620006-க்கு எட்டே எட்டு. 720720 போன்ற எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜ் அவருக்கு 1916-இல் பி.ஏ. பட்டம் வழங்கியது அந்த ஆய்வுக்காகத்தான். அபூர்வ எண்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவரே, அடுத்த ஆண்டு சாதாரண எண்களின் இயல்பையும் வகுத்துக் கொடுத்தார். இரண்டாவதுதான் பெரிய காரியம் என்பேன். அபூர்வத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். சாதாரணம் என்றால் என்ன என்று வரையறுப்பது கடினம்.

உறையூரின் 620003-ஐ உங்களுக்கே விட்டுவைத்திருக்கிறேன். 787 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். விடையை எழுதுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்