தண்ணீர் ஓடியும் ஏன் கொதிக்கிறது?

‘காசு போட்டு வாட்டர் கூலர் மாட்டியாச்சு, இன்னும் ஏன் தொண்ணூறு காட்டுது?’ ஓவர்கிளாக் செய்து விளையாடும் பிள்ளைகள் ஈப்போ கணினிக் கடைகளில் கேட்கும் கேள்வி இது. தண்ணீர் சூட்டை அணைத்துவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் எதையும் அணைப்பதில்லை. புரோசசரில் பிறக்கும் சூட்டை ரேடியேட்டர் வரை சுமந்து போகிறது, அவ்வளவுதான். அங்கே அதை வாங்கிக்கொள்ள வேண்டியது அறைக் காற்று. மதியம் இரண்டு மணிக்குத் தாமான் வீட்டு மாடியறையில் அந்தக் காற்றே 33, 34 டிகிரியில் நிற்கும். தோட்டத்து லயத்தில் தகரக் கூரைக்கடியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறைக் காற்று 34 என்றால், எவ்வளவு விலையுள்ள ரேடியேட்டரும் தண்ணீரை அதற்குக் கீழே இறக்காது. 20 டிகிரி அறையில் சோதித்தவர் 76 என்று எழுதியிருந்தால், உங்கள் மாடியில் அதே கருவி 90 காட்டுவது பழுதல்ல, கூட்டல் கணக்கு.

ஆகவே புரோசசரின் எண்ணை மட்டும் வெறித்துப் பார்த்துப் பயனில்லை. இரண்டு இடைவெளிகளை அளக்க வேண்டும்: அறைக் காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ளது ஒன்று, தண்ணீருக்கும் புரோசசருக்கும் உள்ளது இன்னொன்று. அரை மணி நேரம் முழு வேலை கொடுத்த பிறகு தண்ணீர் அறையைவிட 10, 15 டிகிரி கூடுதலாக இருந்தால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது. 20-ஐத் தாண்டினால் காற்றாடி, தூசி, பெட்டிக்குள்ளேயே சுற்றும் சூடான காற்று என்று தேடுங்கள். சிம்பாங் பூலாய் குவாரிப் பக்கம் குடியிருப்பவர்களும், கணினி இருக்கும் அறையிலேயே தினமும் சாம்பிராணி போடுபவர்களும் ரேடியேட்டர் இதழ்களைக் கொஞ்சம் அடிக்கடியே துடைக்கலாம். தண்ணீர் இதமாக இருக்கும்போதே, வேலை கொடுத்த சில நொடிகளில் புரோசசர் நூறுக்குத் தாவினால் ரேடியேட்டரைத் திட்டாதீர்கள். அது சூடாகவே சில நிமிடங்கள் பிடிக்கும். கோளாறு புரோசசர் மேலேயே இருக்கிறது: காய்ந்த பேஸ்ட், சரியாக இறுகாத திருகு, அடைபட்ட செப்புத் தகடு, அல்லது உரிக்க மறந்த பிளாஸ்டிக் தாள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அது அபூர்வமே இல்லை.

‘தண்ணீர் மெதுவாகப் போனால்தான் சூட்டை முழுசா வாங்கும்.’ கார் பட்டறைகளிலும் இதைச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். 250 வாட் தள்ளும் புரோசசர் ஒரு நிமிடத்தில் 15,000 ஜூல் கொடுக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டினால் தண்ணீர் ஏறுவது 3.6 டிகிரிதான். வேகத்தைப் பாதியாக்கினால் 7 டிகிரி ஏறும், நிறைய வாங்கிவிட்டது போலவும் தோன்றும். ஆனால் சுமந்து போனது அதே 15,000 ஜூல். புரோசசரை ஒட்டி நிற்கும் தண்ணீர் கூடுதலாகச் சூடானதுதான் மிச்சம். இந்தக் கணக்கில் ஒரு கைவைத்தியமும் கிடைக்கிறது. ஓட்டம் சரியாக இருந்தால் போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கை உணராது. ஒன்று கொதித்து மற்றொன்று சில்லென்று இருந்தால் பம்ப் நின்றுவிட்டது, அல்லது காற்று புகுந்து அடைத்துக்கொண்டது. மூடிய வகைக் கூலரில் பம்ப் இருக்கும் இடம் மொத்தச் சுற்றிலும் உயரமானதாக இருக்கக் கூடாது. காற்றுக்குமிழ் மேலே ஏறி அங்கேயே குடியேறிவிடும்.

அந்தக் குழாய் ரப்பர்தான், நம் ஊர்ப் பால் அல்ல. மலாயா ரப்பரின் முதல் கன்றுகளில் சில 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டன, அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனாலும் கூலர் குழாய்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பர். அதன் வழியாகவும் வருடக்கணக்கில் தண்ணீர் கசிந்து ஆவியாகும். குறைந்ததை நிரப்புகிறேன் என்று மூடிய கூலரைத் திறந்து மினரல் வாட்டர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். தாது உப்பு படிவது சின்னத் தொல்லை. பல கூலர்களில் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டும் ஒரே தண்ணீரில் நின்றால் அலுமினியம் அரிபடும். அதைத் தடுக்கும் மருந்து உள்ளே இருந்த திரவத்தில் கலந்திருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாலும் அந்த மருந்து நீர்த்துத்தான் போகும்.

‘மலேசியாவில் செய்த சிப் சூடாகும், மற்ற நாட்டு பேட்ச்தான் நல்லா ஓவர்கிளாக் ஆகும்.’ இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில் திறந்தது. வட பேராக் தோட்டப் பிள்ளைகள் பலர் ஃபேக்டரி பஸ் ஏறி அந்தப் பக்கம் போய் உழைத்திருக்கிறார்கள். அங்கே நடப்பது பொருத்துவதும் சோதிப்பதும். சிலிக்கான் வார்ப்பு வேறு நாட்டில் முடிந்துவிடுகிறது. சிப் எவ்வளவு ஓடும் என்பது பெரும்பாலும் அந்த வார்ப்பிலேயே தீர்மானமாகிறது. 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜில் உலோக மூடிக்கடியில் பற்றாசுக்குப் பதில் பேஸ்ட் தடவியதால் எழுந்த சூட்டுப் புகார் நியாயமானது. ஆனால் அது நிறுவனம் எடுத்த முடிவு, பினாங்கு கைகளின் குறையல்ல.

ஐஸ் போடும் யோசனையை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: 32 டிகிரியும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் 24 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் முத்து முத்தாகக் கோத்து மதர்போர்டில் சொட்டும். ஏர்கான் வேறு கதை. அறை எட்டு டிகிரி இறங்கினால் புரோசசரும் ஏறக்குறைய எட்டு இறங்கும்.

எல்லா 95-உம் ஆபத்தில்லை. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்களை அந்த எண் வரை ஏறி அங்கேயே நின்று உழைக்கும்படிதான் ஏஎம்டி அமைத்தது. மறுபக்கம், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் நிலைகுலைந்தபோது பலர் கூலரை மாற்றினார்கள். காரணம் மிகையான வோல்டேஜ் என்று இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டு பயோஸ் வழியே திருத்தம் தந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஓவர்கிளாக்கிலும் சூட்டை ஏற்றுவது முக்கியமாக வோல்டேஜ்தான். மின்சக்தி அதன் வர்க்கத்தோடு ஏறும். 1.25-இலிருந்து 1.40 வோல்டுக்கும், 5.0-இலிருந்து 5.3 கிகாஹெர்ட்சுக்கும் போனால் 200 வாட் 266 ஆகிறது. வேகத்தில் கிடைத்தது ஆறு விழுக்காடு. பெரிய ரேடியேட்டருக்குக் காசு சேர்ப்பதற்கு முன் பயோஸில் வோல்டேஜை 0.05 குறைத்து, அதே மதிய நேரத்தில் இரண்டு இடைவெளிகளையும் மறுபடி அளந்து பாருங்கள்.