சொல்லின் தலையைப் பிடியுங்கள்

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படிக்க வரும் பிள்ளைகளில் பலர் பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர்கள். மாலையில் அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஆங்கிலக் கலைச்சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரே எழுத்துகளில் தொடங்குபவற்றைக் குடும்பமாகச் சேர்த்துப் படித்தால் மறப்பதில்லை. நான் சொல்லித் தரும் முறை இதுதான்.

1. ஒரு தலைக்கு ஒரு பக்கம்

நோட்டில் ஒரு பக்கத்தின் மேலே 'பைரோ' என்று எழுதுங்கள். கிரேக்கத்தில் தீ என்று பொருள். பைரோமீட்டர், சூளையின் வெப்பத்தை அளக்கும் கருவி. பைரோமெட்ரிக் கோன், போதிய சூடு ஏறியதும் வளைந்து காட்டும் கூம்பு. அடுத்த பக்கத்துக்கு 'விட்ரி'. லத்தீனில் விட்ரம் என்றால் கண்ணாடி. சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைப்பதுதான் விட்ரிஃபிகேஷன்.

2. தலையை வெட்டிப் பாருங்கள்

'டீ' என்ற முன்னொட்டு பெரும்பாலும் நீக்குவதைக் குறிக்கும். டீஹைட்ரேஷன் நீரை நீக்குவது. டீஏரிங் பக் மில் களிமண்ணிலிருந்து காற்றை இழுத்துவிடும். டீஃப்ளாக்குலன்ட் துகள்களைத் திரளவிடாமல் பிரிக்கும். சோடியம் சிலிகேட்டை அளவாகச் சேர்த்தால், நீர் அதிகம் ஊற்றாமலே ஸ்லிப் எனும் களிமண் குழம்பு இளகி ஓடுவது அதனால்தான்.

ஆங்கிலத்தில் எழுதினால் டென்சிட்டிக்கும் அதே இரண்டு எழுத்துகள்தான் (de) முதலில் வருகின்றன. ஆனால் டீஹைட்ரேஷனில் தலையை வெட்டினால் ஹைட்ரேஷன் தனிச் சொல்லாக நிற்கும். டென்சிட்டியில் மிச்சம் நிற்காது. அதை இந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள்.

3. ஏமாற்றும் சொற்களுக்குத் தனிப் பக்கம்

போரஸ், போர்சலைன் இரண்டும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன; குணமோ நேரெதிர். போரஸ் என்றால் நுண்துளைகள் உள்ளது. அதன் வேர், வழி என்று பொருள்படும் கிரேக்கச் சொல். போர்சலைன், சோழியைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சோழியின் பளபளப்பால் பீங்கானுக்கு அந்தப் பெயர்.

இதை எழுதிப் படித்தால் மட்டும் போதாது. கிளேஸ் பூசாத, முதல் சூட்டில் மட்டும் வெந்த பிஸ்கட் ஓட்டில் ஒரு சொட்டு நீர் விடுங்கள், உறிஞ்சிக்கொள்ளும். முழுச்சூட்டில் வெந்த போர்சலைன் ஓட்டில் அதே சொட்டு மேலேயே நிற்கும். கண்ணால் பார்த்த பிள்ளை இரண்டையும் குழப்புவதில்லை.

4. புதுச் சொல்லில் சோதியுங்கள்

நாளை நீங்கள் குஜராத்தின் மோர்பிக்கு வேலைக்குப் போகலாம். அங்கே மூட்டையில் 'பைரோஃபிலைட்' என்று அச்சிட்டிருக்கும். தலையைப் பாருங்கள்: தீயோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று. 'ஃபிலான்' என்றால் இலை. சூடேற்றினால் இலை இலையாகப் பிரியும் கனிமம் என்று புரிந்துவிடும். வால் புரியாவிட்டால் அகராதியைப் பாருங்கள். பார்த்த கையோடு அந்தத் தலைக்குரிய பக்கத்தில் எழுதிவிடுங்கள்.