நம் மலையின் வரலாறு எங்கே உள்ளது?

நம் கல்லூரி வளாகத்தில் நாள்தோறும் நாம் கடந்து செல்லும் கல் பங்களாவே வரலாற்று மாணவர்க்கு முதற்பாடம். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய இவ்வீடே உதகையின் முதல் ஐரோப்பியக் கட்டடம். நம் கல்லூரி பிறந்ததோ 1955இல்.

எனில், நீலகிரியின் வரலாறு சல்லிவனோடுதான் தொடங்குகிறதா? இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1117ஆம் ஆண்டின் ஒய்சளர் கல்வெட்டு நீல மலையையும் தோடரையும் குறிப்பிடுகிறது. ஆயினும் அது படையெடுத்து வந்தவர் கூற்று. கலெக்டரின் கடிதங்கள் ஆட்சியாளர் கூற்று. மலைமக்கள் கூற்று எங்கே?

தோடர், கோத்தர், படகர் மொழிகள் வழிவழியாக வாய்மொழியாகவே வாழ்ந்தவை. எனவே அம்மக்களின் வரலாறு பாடல்களிலும் முதியோர் நினைவிலும் தங்கியது. மொழியறிஞர் எமனோ இங்கு வந்து தோடர் பாடல்களைத் திரட்டி, 1971இல் நூலாக்கினார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி, இங்குத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியோரின் நினைவுகளும் வரலாறே.

கல்வெட்டு காத்திருக்கும், முதியோர் காத்திரார். மாணவ நண்பர்களே! விடுமுறையில் மந்திலோ, ஹட்டியிலோ, தோட்டத்து லைன் வீட்டிலோ ஒரு பாட்டியிடம் அமர்ந்து கேளுங்கள். சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். நாளைய ஆய்வுக்கு அதுவே மூல ஆவணம்.