கனடாவிலிருந்து வரும் புகையடுப்பு

கேள்வி: கனடாவில் இருக்கிற தம்பி, மரத்தூள் பெலட் போட்டு எரிக்கும் ஸ்மோக்கர் கிரில் ஒன்றை அனுப்பட்டுமா என்று கேட்கிறான். சம்மதிக்கலாமா?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: முதலில் வோல்டேஜைக் கேளுங்கள். அங்கே விற்பவை பெரும்பாலும் 120 வோல்ட்டில் ஓடுபவை. எங்கள் வீட்டுக் கறண்ட் 230. நேரே செருகினால் உள்ளே இருக்கும் மின்பலகை கருகிவிடும். கறண்ட் இல்லாமல் இந்த அடுப்பு எரியவும் எரியாது. பெலட்டைத் தள்ளும் திருகுதண்டு, காற்றாடி, பற்றவைக்கும் கம்பி எல்லாமே மின்சாரத்தில்தான். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெலட். ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்து, திருகுதண்டுக்குள் சீமெந்து போல இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டையைத் திறந்து வைத்தால் போச்சு. முடிந்த மூட்டைக்கு அடுத்த மூட்டையை எங்கே தேடுவீர்கள்?

ஒரே சூட்டை மணிக்கணக்காக வைத்திருப்பதில் அது கெட்டிதான். ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது மூடியுள்ள கரி அடுப்பு. சிரட்டைக் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் பாரை மீனை வையுங்கள். காய்ந்த கொய்யாக் கட்டை ஒன்றைக் கரிமேல் போட்டு மூடி, காற்றுத்துளையைப் பாதி மூடுங்கள். வேப்பங்கட்டை வேண்டாம், புகை கசக்கும். தம்பி இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை அனுப்பட்டும். கோழியின் நடுவில் 74 பாகை செல்சியஸ் காட்டினால் இறக்கலாம்.