214 கோடியில் முட்டி நின்ற காசு

கேள்வி: என் மகன் கைபேசியில் ஆடும் விளையாட்டில் தங்கக் காசு 2147483647 வரை ஏறியது. அதற்குமேல் ஒன்றுகூட ஏற மறுக்கிறது. அதென்ன கணக்கு? 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எதிலும் மீதி இல்லாமல் வகுபடவில்லையாம்.
- வாசகி, கோவில்பட்டி

பதில்: மகனை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா, அது வகுபடாது. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 ஒரு பகா எண். 2-ஐ 31 தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. 1772-இல் கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்தார். அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர். பார்வையும் ஏறக்குறைய போய்விட்டது.

நேர்வழியில் போனால் இதன் வர்க்கமூலமான 46,340 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் தேறும். ஆய்லர் அதில் இறங்கவில்லை. இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை 372-தான். அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். முதலில் வரும் 249, மூன்றால் வகுபடுவதால் அவுட். அடுத்தது 311. மகனிடம் கொடுத்துப் பாருங்கள்: ஈவு 6905092, மீதி 35. இப்படியே கடைசிவரை ஏதாவது மீதி வந்துகொண்டே இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் தள்ளுபடிதான்.

இதே எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் ஒன்று கிடைக்கும். அதாவது, தன்னைவிடச் சிறிய வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத விஷயத்துக்கு எவர் மெனக்கெடுவார் என்ற தோரணையில் 1811-இல் எழுதினார் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர். 1876-இலேயே எதுவார் லூக்கா என்ற கணிதவியலாளர் அதைப் பொய்யாக்கிவிட்டார்.

பயன் வந்தது கணினியால். முழு எண் ஒன்றுக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள், ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு ஒன்று போக, மிச்சமுள்ள 31-லும் 1 நிரம்பினால் உங்கள் மகனின் காசு. அதற்குமேல் இடமில்லை. கவனமாக எழுதிய நிரல் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் காசு ஒரே தாவலில் மைனஸ் 214 கோடிக்குப் போகும். 2014-இல் கங்னம் ஸ்டைல் பாட்டைப் பார்த்தவர் எண்ணிக்கை இந்த வரம்பை நெருங்க, யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது.

கடிகாரத்திலும் இதே சங்கதி உண்டு. யூனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும். பழைய 32 பிட்டிலேயே ஓடும் கருவிக்கு அடுத்த விநாடி 1901 டிசம்பர்! உங்கள் புதுக் கைபேசிக்கு அநேகமாகக் கவலையில்லை. எங்கோ ஆலையில் பொருத்திவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத்தான் அதற்குள் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும்.